திரையிலிருந்து தாளுக்கு

கல்வெட்டு என்னும் சொல் யாழ்ப்பாணத்தவரிடையே இரு பொருள்பட வழங்குவது. அரசர் தம் ஆணைகளைக் கல்லிலே பொறித்து வைத்தது ஒன்று. ஒருவர் சிவபதமடைந்த முப்பத்தோராம் நாளிலே, அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவெய்திய பின், வந்தோர் கைகளிற் கொடுக்கப்படும் சிறு நூல் மற்றொன்று. மறைந்தவரின் பிறப்பு, குடிவழி, வாழ்வு, சுற்றம் என்பவற்றைப் பாவாலும் உரையாலும் கூறும் அந்நூலுக்கு எம் முன்னோர் கல்வெட்டு என்று பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. தாளில் அச்சிட்டதேயாயினும் கல்லிற் பொறித்ததுபோல நிலைக்க வேண்டும் என்பதே அவர்களது விருப்பம். இந்நாளில் அதனையே நினைவு மலர் என்கிறோம்.

இரு வகைக் கல்வெட்டுக்கும் எமது நயினாதீவில் இடமுண்டு. நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். வேற்று நாட்டு வணிகர் வந்திறங்கும் ஊர்காவற்றுறையையும், கடலில் உடைந்துபோகும் கப்பல்களையும் பற்றியது அச்சாசனம். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடையுமாயின் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கு உடையவருக்கு. பிற வாணிபச் சரக்கேற்றிய கப்பலாயின் இருவருக்கும் சரிபாதி. ஏற்றி அனுப்பிய சரக்கு வழியிற் சிதைந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை அன்றே வகுத்து வைத்திருக்கிறார்கள்!

இப்பழங்கதையை ஈண்டு எடுத்தமைக்குக் காரணமுண்டு. கணினித் திரையில் வரைந்த ஒரு படத்தை அச்சுக்குரிய கோப்பாக மாற்றி வெளியே அனுப்புவதையும் கணினித் துறையினர் ‘ஏற்றுமதி’ என்றே அழைக்கின்றனர். அவ்வாறு நாம் அனுப்பிய சரக்கொன்று வழியிலே உடைந்துபோன கதையையும், அதனால் நாம் கற்றதையும் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

ஆச்சி தேடிய பெயர்

எமது தீவிலே முதியவர் ஒருவர் காலமானார். தென்னிலங்கையிலே நெடுங்காலம் கடை வைத்து நடத்தி, முதுமையில் ஊரோடு வந்து தங்கியவர். மூத்த மகன் கனடாவில், மகளொருத்தி இலண்டனில், இளைய மகன் பிரான்சில். கடைசி மகள் மாத்திரம் தாயாரோடு ஊரில் இருக்கிறார். கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவர்கள் ஊரவரின் நன்மை தீமைகளுக்கு எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லரோ? நினைவு மலரின் பொறுப்பு எம்மை வந்தடைந்தது.

பாக்களை நாம் எழுதினோம். வம்ச விருட்சத்தை மூத்த மகன் தாமே வரைவதாகச் சொன்னார். தந்தையின் இறுதிக் கிரியைக்கு வந்து சேர முடியாத மனத்துயரத்தை அப்படத்தின் மூலமாவது ஆற்றிக்கொள்ள எண்ணினார் போலும். பல இரவுகள் கண்விழித்து, கருநீல வானத்தின் கீழே பொன்னிறக் கொடிகளும் பச்சிலைகளும் விரிந்த ஓர் ஆலமரத்தைக் கணினியில் வரைந்தார். நான்கு தலைமுறை, 43 பெயர்கள். அடிவரிசையில் மாத்திரம் 19 பெயர்கள். அப்படம் எமது கைத்தொலைபேசிக்கு வந்தபோது அதன் அழகைக் கண்டு வியந்தோம். விரலால் விரித்து விரித்து ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தோம். ஓரெழுத்துப் பிழையும் இல்லை. அதனையும் மலரின் ஏனைய பக்கங்களையும் தொலைபேசி வழியாகவே பட்டினத்து அச்சகமொன்றுக்கு அனுப்பி வைத்தோம்.

தீவுப்பகுதியில் வாழ்வோருக்கு அச்சு வேலை என்பது ஒரு பிரயாணம். வள்ளமேறிக் குறிகாட்டுவான் துறையில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே பட்டினம் போக வேண்டும். கருமம் முடித்துக் கடைசி வள்ளத்துக்கு முன் துறைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பிழை திருத்தத்துக்கு ஒரு முழுநாள் செலவாகும். ஆகவே மாதிரித் தாளைப் பார்க்கப் போகாமலே அச்சிடச் சொல்லிவிட்டோம். கிரியைக்கு முதல்நாள் மாலை வள்ளத்திலே புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது.

கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது எமது நெஞ்சு திடுக்குற்றது. ஆலமரம் இருந்தது, இலைகள் இருந்தன, பெயர்களைக் காணவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடங்களில் சாம்பல் நிறப் புகை படிந்திருந்தது. கருநீலம் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. பொற்கோடுகள் சில இடங்களில் அடியோடு மறைந்துபோயின. போதாக்குறைக்கு, வேறு சில பக்கங்களில் கொம்புகள் எழுத்தை விட்டுக் கழன்று அடுத்த இடத்தில் நின்றன. மறுநாள் காலைக்குள் கடல் கடந்து போய் வேறு அச்சிடுவதும் இயலாத காரியம்.

மறுநாள் வந்தோரெல்லாம் மலரைப் பெற்றுச் சென்ற பின், ஆச்சி அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவினார். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். “தம்பி, கனடாவிலை பிறந்த பிள்ளையின்ரை பேர் இதிலை எங்கை கிடக்கு?” என்று கேட்டார். அப்பேர்த்தியை ஆச்சி நேரிற் கண்டதில்லை. தம் தாயாரின் பெயரையே அக்குழந்தைக்கு இட்டிருக்கிறார்கள் என்பதை மாத்திரம் அறிவார். அப்பெயர் இருக்குமிடத்தை நாம் விரலாற் காட்டினோம். அங்கே அவர் கண்டது ஒரு கறையே. எமக்கு நேர்ந்த வெட்கம் கொஞ்சமன்று.

அச்சகத்தாரை நோவதில் நியாயமில்லை. கொடுத்ததை அவர்கள் அச்சிட்டார்கள். திரையிற் கண்டதெல்லாம் அப்படியே தாளிலும் வரும் என நம்பியது எமது பேதைமை. உடைந்த கப்பலின் நட்டத்திலே நாலில் மூன்று பங்கு எம்முடையது என்றே இன்றும் கணக்கு வைத்திருக்கிறோம்.

ஒளியும் மையும்

பிழை எங்கே நேர்ந்தது? பின்னர் இவ்விஷயத்தை ஒழுங்காகக் கற்க முற்பட்டபோது, முதலில் விளங்கியது இது: திரை ஒளி தருவது, தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவது. இரண்டும் வேறு வேறு சாதி.

திரை என்பது மிகச் சிறிய சதுரப் புள்ளிகளின் வயல். ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலப்பு. மூன்றும் முழுமையாக எரிந்தால் வெண்மை. மூன்றும் அணைந்தால் கருமை. அச்சிலோ மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என்ற மூன்று மைகளோடு கறுப்பும் சேரும். மை கூடக் கூட ஒளி குறையும். திரையில் விளக்குப்போல எரியும் நீலத்துக்கும் பச்சைக்கும் இணையான மை இல்லை. எமது வானம் கத்தரிப்பூவானதன் மருமம் இதுவே. அச்சுக்குரிய நிறங்களைத் தொடக்கத்திலேயே தேர்ந்திருந்தால் அந்த ஏமாற்றம் இல்லை.

அடுத்தது புள்ளிக் கணக்கு. நல்ல அச்சுக்குப் படத்தில் ஓரங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத்தொழிலில் வழங்கும் பொதுவிதி. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். அதற்கு 2,480 புள்ளி தேவை. எமக்குத் தொலைபேசியில் வந்த படத்தின் அகலமோ 1,280 புள்ளி. படங்களைச் செய்தியாக அனுப்பும்போது செயலிகள் அவற்றைச் சுருக்கிவிடுவது வழக்கம் என்பதை அன்று நாம் அறியோம். அடிவரிசையின் 19 பெயர்களுக்கு இந்த 1,280 புள்ளிகளைப் பகிர்ந்தால் ஒரு பெயருக்குக் கிடைப்பது 67 புள்ளி. ஏழெழுத்துப் பெயராயின் ஓரெழுத்துக்கு ஒன்பது அல்லது பத்துப் புள்ளி. அதற்குள்ளே ‘ணை’ என்ற எழுத்தின் சுழிகளெல்லாம் எங்ஙனம் அடங்கும்?

இதனினும் எளிய கணக்கு ஒன்றையும் செய்யத் தவறினோம். எமது மலர் ஏ5 அளவு. ஓரங்களை நீக்கினால் படத்துக்குக் கிடைத்த அகலம் 120 மில்லிமீற்றர். அதனை 19ஆல் வகுத்தால் ஒரு பெயருக்கு ஆறு மில்லிமீற்றரே வரும். ஆறு மில்லிமீற்றரில் ஏழெழுத்துப் பெயரை எக்கணினியாலும் வாசிக்கத்தக்கதாய் எழுத முடியாது. தொலைபேசியில் விரலால் விரித்துப் பார்த்தோம் என்றோமல்லவா? அதுவே எம்மை ஏமாற்றியது. திரையை விரிக்கலாம், தாளை விரலால் விரிக்க முடியாது.

கோலமும் குறிப்பும்

இனி, ஒரு படத்தைக் கணினி இரு வகையாக நினைவில் வைக்கும் என்பதை அறிதல் வேண்டும். இதற்குத் தைப்பொங்கல் முற்றத்துக் கோலமே தக்க உவமை.

அயலூரிலுள்ள தங்கைக்கு ஒரு கோலத்தை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதனை நிழற்படம் எடுத்து அனுப்புவது ஒரு வழி. சிறிய படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது மங்கிப் போகும். “ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு வளைத்து இழு” என்று குறிப்பு எழுதி அனுப்புவது மற்ற வழி. அக்குறிப்பைக் கொண்டு தங்கை உள்ளங்கை அளவிலும் போடலாம். தேர்முட்டி வீதி அளவிலும் போடலாம். கோடு எப்போதும் கூர்மையாகவே இருக்கும். முன்னையதைப் புள்ளிப்படம் என்றும், பின்னையதைக் கோட்டுப்படம் என்றும் கூறுவோம்.

கோலத்தை உவமையாகக் கூறியது வெறும் அலங்காரத்துக்கன்று. தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை இலக்கண விதிகளால் விளக்கிய ஆய்வொன்றை 1974ஆம் ஆண்டிலே கணினி வரைவியல் ஆய்விதழில் வெளியிட்டனர். சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். தமிழ்ப் பெண்கள் அரிசிமாவால் நாளும் செய்துவந்தது கணினி அறிவியலின் ஓர் அத்தியாயமாயிற்று.

திரையில் கோடு வரையும் கலையின் தொடக்கத்தை 1963ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் உருவாக்கிய ‘ஸ்கெச்பாட்’ செயலியில் காணலாம். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு அவர் கோடு வரைந்தார். வளைகோடுகளைக் கணக்கால் எழுதும் முறையோ பிரான்சு நாட்டு மோட்டார் வாகனத் தொழிலிலிருந்து வந்தது. சித்ரோன் நிறுவனத்தில் பணிபுரிந்த தெ கஸ்தல்ஜோ, ரெனோ நிறுவனத்தில் பணிபுரிந்த பெசியே ஆகிய இருவரும் காரின் உடலுக்கு வேண்டிய வளைவுகளைச் சில புள்ளிகளாற் குறிக்கும் வழியைக் கண்டனர். இன்று நாம் வாசிக்கும் ‘அ’ என்ற எழுத்தின் சுழியும் அவ்விதக் கணக்காலேயே கணினியில் உருப்பெறுகின்றது.

கனடாவிலிருந்த மகன் வரைந்ததும் உண்மையில் கோட்டுப்படமே. ஆனால் அதனை எமக்கு அனுப்பும் வேளையில் திரையைப் படம்பிடித்துப் புள்ளிப்படமாக அனுப்பிவிட்டார். குறிப்பு அவரிடமே தங்கிவிட்டது. மங்கிய நிழற்படம் மாத்திரம் கடல் கடந்து வந்தது.

ஓடையின் பெயர் கொண்ட நிறுவனம்

குறிப்பையே அச்சியந்திரத்துக்கு அனுப்பும் மொழியைப் படைத்தவர்களின் கதை சுவையானது. ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கி என்ற இரு அமெரிக்கர் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினர். அச்சியந்திரம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மொழி இருந்த காலம் அது. ஒன்றுக்காகத் தயாரித்த பக்கம் மற்றொன்றிற் சரிவராது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று எண்ணிய இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியேறிப் புதிய நிறுவனம் தொடங்கினர். வார்னொக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அடோபி. அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று.

அவர்கள் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ மொழி, பக்கத்தைப் புள்ளிகளாக அன்றிக் கட்டளைகளாகச் சொல்லிற்று. இங்கே தொடங்கு, அங்கே வளை, இந்த எழுத்தை இந்த அளவில் நிறுத்து என்றவாறு. அடுத்த ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் விற்ற லேசர் அச்சியந்திரம் அம்மொழியை விளங்கிக்கொண்டது. மேசைமேல் வைத்த ஒரு கணினியால் புத்தகப் பக்கம் ஆக்கலாம் என்ற நிலை பிறந்தது. 

அச்சியந்திரங்கள் ஒத்துப்போயின, கணினிகள் ஒத்துப்போகவில்லை. ஒரு கணினியில் ஆக்கிய ஏடு மற்றொன்றில் திறந்தால் உருக்குலைந்தது. 1991ஆம் ஆண்டிலே ‘கமலொட்’ என்று பெயரிட்டு வார்னொக் வரைந்த திட்டத்தின் பயனாக 1993ஆம் ஆண்டில் பி.டி.எஃப். கோப்பு வெளிவந்தது. எக்கணினியிலும் எவ்வூரிலும் எந்நாளிலும் பக்கம் மாறாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2008ஆம் ஆண்டில் அது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கெஷ்கி 2021ஆம் ஆண்டிலும் வார்னொக் 2023ஆம் ஆண்டிலும் காலமாயினர். அவர்கள் பெயரறியாத எமது ஊர்களிலே பரீட்சை வினாத்தாளும் திருமண அழைப்பும் திருவிழா விஞ்ஞாபனமும் அவர்கள் கண்ட வழியிலேயே அச்சேறுகின்றன.

கொம்பு கழன்ற கதை

பி.டி.எஃப். கோப்பை ஒரு பிரயாணப் பெட்டிக்கு ஒப்பிடலாம். கோடுகளின் குறிப்பு, நிறங்களின் விவரம், நிழற்படங்கள், எழுத்துருக்கள் யாவும் ஒரே பெட்டியில் அடங்கலாம். அடக்காமலும் விடலாம்! அங்கேதான் தமிழருக்குத் தொல்லை.

எமது நாட்டிலே நெடுங்காலமாக ‘பாமினி’ என்ற எழுத்துரு வழக்கிலிருந்து வருகின்றது. அச்சகங்களில் அதனாலேயே தட்டச்சுச் செய்து பழகியவர் பலர். அது ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளிலே தமிழ் எழுத்துக்களை அமர்த்திய ஓர் ஏற்பாடு. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும்.

‘யூனிகோட்’ எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே தனி இருக்கை பெற்றது. ஆயினும் தமிழ் எழுத்துக்களை இருக்கையில் அமர்த்தினால் மாத்திரம் போதாது, ஒழுங்குபடுத்தவும் வேண்டும். ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி ககரமும் அதன் பின் ஓகாரக் குறியுமாகவே நினைவில் வைக்கிறது. திரையிற் காட்டும்போது அக்குறியைப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இந்த விதியை அறியாத பழைய செயலிகளில் கொம்பு தன் இடம் தெரியாமல் எழுத்தின் பின்னே போய் நிற்கும். எமது மலரில் நடந்தது அதுவே. ஆச்சி தேடிய பெயரும் ‘கோ’ என்றே தொடங்குவது.

ஆகவே ஏற்றுமதி செய்யும்போது எழுத்துரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டதா என்று பார்த்தல் இன்றியமையாதது. கோப்பின் பண்புகளைக் காட்டும் இடத்தில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அடைக்கப்பட்டதா என்ற குறிப்பும் இருக்கும். எழுத்துக்களை வளைகோடுகளாக மாற்றி அனுப்புவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் எந்தக் கணினியிலும் கொம்பு கழலாது. ஆனால் அவை அதன்பின் எழுத்துக்கள் அல்ல. எழுத்தின் வடிவான படங்கள். பிழை திருத்தவோ பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவோ முடியாது. அவ்வழியை நாடுவோர் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் ஏற்றுமதி

ஆட்டைத் திவசம் அணுகியபோது, அந்த ஒரு தாளையாவது திருத்தமாக அச்சிட்டுக் கொடுப்பது என்று மூத்த மகனும் நாமும் முடிவு செய்தோம். இம்முறை நாம் செய்தவற்றை, இத்தகைய பணியில் இறங்கும் குடும்பத்தவர்க்குப் பயன்படும் என்று கருதிக் கூறுகிறோம்.

முதலில் தாளின் அளவைத் தீர்மானித்தோம், பின்னரே படம். ஏ3 தாளைக் குறுக்கே வைத்தால் 420 மில்லிமீற்றர் அகலம். ஓரங்களை நீக்கி 400 மில்லிமீற்றரை 19 பெயர்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பெயருக்கு 21 மில்லிமீற்றர் கிடைக்கும். நீண்ட பெயர்களை இரு வரியாக மடக்கி எழுத்தை மேலும் பெரிதாக்கினோம். தாளை மடித்து மலரினுள் வைக்கலாம்.

இரண்டாவதாக, கருநீல வானத்தை நீக்கி வெண்ணிறமாக விட்டோம். கருமையான பரப்பில் எழுத்தை வெண்மையாக விட்டால், நாலு மையும் சிறிது விலகினாலும் மெல்லிய எழுத்து அடைபட்டுப் போகும். பெயர்கள் யாவும் தனிக் கறுப்பில் அமைந்தன.

மூன்றாவதாக, கோடுகளின் பருமனை இலக்கத்தாற் குறித்தோம். ‘மயிரிழை’ என்று விடப்பட்ட கோடு திரையில் ஒரு புள்ளி அகலத்தில் நன்றாகவே தெரியும். ஓரங்குலத்துக்கு 2,400 புள்ளி இடும் அச்சுத்தகட்டிலோ அது நூறிலொரு மில்லிமீற்றராகிக் கண்ணுக்கு மறைந்துவிடும். பொற்கொடிகள் மறைந்த காரணம் இதுவே. எந்தக் கோடும் 0.1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம்.

நான்காவதாக, திரையைப் படம்பிடிக்காமல், வரைந்த செயலியிலிருந்தே நேராக பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்தோம். ‘இங்க்ஸ்கேப்’ போன்ற செயலிகள் விலையின்றியே கிடைக்கின்றன. நிழல், மங்கல் முதலிய அலங்காரங்களை நீக்கினோம். அவை ஏற்றுமதியின்போது கோட்டுப்படத்தின் பகுதிகளைப் புள்ளிப்படமாக மாற்றிவிடக்கூடும். கோப்பைப் படமாக அன்றி ஆவணமாக அனுப்பினோம். ஆவணத்தைச் செயலிகள் சுருக்குவதில்லை.

ஐந்தாவது சோதனை எவரும் செய்யத்தக்கது. கோப்பைத் திறந்து எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எழுத்தின் விளிம்பு அப்போதும் வழுவழுப்பாக இருந்தால் அது கோடு. படிக்கட்டுப்போலத் தெரிந்தால் அது புள்ளி. அதன்பின் உண்மையளவில் ஒரு தாளை அச்சிட்டு, கண்பார்வை மங்கிய ஒருவர் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். இறுதியாக, ஒரு முழுநாளைச் செலவழித்து வள்ளமேறிப் பட்டினம் போய், அச்சகத்தின் மாதிரித் தாளை எமது கண்ணாலே பார்த்தோம். முதன்முறை மிச்சம்பிடித்த அந்த ஒரு நாளே எமக்குப் பெருநட்டமாக முடிந்தது.

நிலைபெறும் எழுத்து

நினைவு மலர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மலர் எத்தனை பிரதி அச்சிடப்படினும் ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலானவை செல்லரித்துப் போகின்றன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த துயரை நாம் மறக்க முடியாது. அச்சுப் பிரதி ஓரிடத்தில் மாத்திரம் இருப்பதன் ஆபத்தை அந்நெருப்பு எமக்குக் கற்பித்தது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் நினைவு மலர்களும் பல்லாயிரக்கணக்காகச் சேர்ந்துள்ளன. ஊர் வரலாறு எழுதுவோர்க்கு நினைவு மலர் ஒரு கருவூலம். எந்தக் குடும்பம் எந்த ஊரில் மணஞ்செய்தது, எவர் எங்கே கடை வைத்தார், எவர் எந்த நாட்டுக்குச் சென்றார் என்பதெல்லாம் அதிலன்றி வேறெங்கும் எழுதப்படுவதில்லை.

நெடுங்காலச் சேமிப்புக்கென்றே 2005ஆம் ஆண்டில் பி.டி.எஃப். வகையில் ஒரு தனித்தரம் வகுக்கப்பட்டது. எழுத்துருக்கள் யாவும் கோப்புக்குள்ளேயே அடங்கியிருத்தல் அதன் கட்டாய விதி. வெளியிலுள்ள எதனையும் நம்பாமல், இன்னும் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அதே பக்கம் தோன்ற வேண்டும் என்பது கருத்து. மலரை அச்சிடும் குடும்பத்தவர் அத்தகைய கோப்பொன்றையும் ஆக்கி நூலகத்துக்கு அளித்தல் நன்று. பெயர்கள் தேடினாற் கிடைக்கும் எழுத்துக்களாக இருக்கட்டும். வெறும் படங்களாக வேண்டாம். ஒன்றை மாத்திரம் கவனிக்க: உயிரோடிருப்போரின் பிறந்த நாள், முகவரி முதலியவற்றை வம்ச விருட்சத்திற் பொறிக்க வேண்டா. பெயரே போதும்.

ஆட்டைத் திவசத்தன்று புதிய தாளை ஆச்சியின் கையிற் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிவரிசையை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்து வந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. “இதெல்லோ எங்கடை அம்மாவின்ரை பேர்” என்றார். பிறகு தாளின் மேல்வரிசைக்குச் சென்று, அங்கேயும் அதே பெயர் இருப்பதைக் கண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துத் தரும்படி எம்மிடம் நீட்டியபோது, “கனடாவுக்கும் ஒண்டு அனுப்பிவிடு தம்பி” என்று மாத்திரம் சொன்னார்.